எட்டு போட்டால் போதுமா?

நம் ஊரில் டூவீலர் லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு போட வேண்டும். ஆர்டிஓ மைதானத்தில் காலைக் கீழே ஊன்றாமல் ஒரு எட்டு. போட்டுவிட்டால் அண்ணா சாலையிலும் ஜிஎஸ்டி ரோட்டிலும் ஓட்டத் தகுதி வந்துவிட்டதாக அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிடும். எட்டை நான் குறை சொல்லவில்லை. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் வைத்திருப்பதும் திறமைதான். மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்த ஆற்காடு சாலையில் இத்தனை வருடம் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எட்டு போடுகிற வேகத்தில் யாருக்கும் பெரிதாக அடிபடுவதில்லை. நாற்பதில் போகும்போது முன்னால் போகிற ஷேர் ஆட்டோ கையைக் காட்டியவருக்காகச் சட்டென்று நின்றால் என்ன செய்வாய் என்று அந்த மைதானத்தில் யாரும் கேட்பதே இல்லை.

சென்னையில் வண்டி ஓட்டுகிற பலருக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது என்பது என் கட்சி. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

சைக்கிள் பழகிய காலத்திலேயே நம் மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்." அந்த பயம் பைக்குக்கு வந்த பிறகும் போவதில்லை. பின் பிரேக்கை மட்டும் ஏறி மிதிப்பது, அது போதாமல் இரண்டு கால் செருப்பையும் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போவது. தினமும் பார்க்கிறேன். டிரைவர் பிரேக் அடித்தால் பஸ்ஸில் நிற்கிற அத்தனை பேரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா? வண்டியின் எடையும் அப்படித்தான் முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகி ரோட்டுப் பிடிப்பை இழக்கிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் லாக் ஆகி, வால் ஒரு பக்கம் போகும், வண்டி நிற்காது. காய்ந்த ரோட்டில் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பட்டென்று முழுசாக இறுக்கினால் வம்புதான். முதலில் லேசாகப் பிடித்து, எடை முன்னால் வந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதோ மணலிலோ இந்த வேலை ஆகாது. அங்கெல்லாம் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அக்கா மகள் புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, வளசரவாக்கத்தில் எங்கள் பக்கத்துத் தெரு காலியாக இருந்தபோது சாக்பீஸால் ரோட்டில் ஒரு கோடு போட்டேன். முப்பதில் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னேன். டயர் கிறீச்சிட்டுக்கொண்டு கறுப்பாக ஒரு தடம் போட்டு, கொஞ்சம் பாம்பு மாதிரி வளைந்து நின்றாள். அடுத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து. "மாமா, தூக்கிடாதே?" என்றாள். தூக்கவில்லை. முதல் தடவை நின்ற இடத்துக்கு வெகு முன்னாலேயே நின்றது. சத்தமும் இல்லை, தடமும் இல்லை. இறங்கிப் போய் அந்தக் கறுப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட எட்டில் இது எங்கே இருந்தது?

இன்னொன்று. 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏபிஎஸ்ஸும் (சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு), 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ளவற்றில் குறைந்தபட்சம் சிபிஎஸ்ஸும் (ஒன்றைப் பிடித்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு) 2019 ஏப்ரலில் கட்டாயம் ஆனது. இரண்டில் தன் வண்டியில் எது இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்கூட்டரில் சிபிஎஸ் என்றால் இடது லீவரைப் பிடிக்கும்போது முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். கொஞ்சம்தான். வலது லீவர் சும்மா அழகுக்கு இல்லை. ஏபிஎஸ் வண்டியில் அவசரமாகப் பிடிக்கும்போது லீவரோ பெடலோ துடிக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து விட்டுவிடக் கூடாது, பிடித்த பிடியை விடாமல் இருக்க வேண்டும். ஷோரூமில் வண்டியைக் கொடுக்கும்போது எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுக்கிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வேலையைத் தொடங்குவதற்கே நேரம் ஆகும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடுகிறது வண்டி. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் லீவரை அழுத்துவதற்குள் ஏறக்குறைய அந்த ஒரு நொடி போய்விடும். ஐந்து பைக்கை வரிசையாக நிறுத்தினால் வருகிற தூரம் அது. நாமோ முன்னால் போகிறவரின் நம்பர் பிளேட்டை முட்டுகிற மாதிரி போகிறோம். இடைவெளி விட்டால் ஆட்டோ வந்து நுழைந்துவிடும் என்பார்கள். நுழையட்டுமே, என்ன குறைந்துவிடும்?

மழைக்காலம் தனிக் கதை. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை, ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் அப்போதுதான் வழுவழுவென்று கிளம்பும். ஜீப்ரா கோடுகளின் வெள்ளைப் பெயின்ட், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, மேம்பால இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, எல்லாம் ஈரத்தில் சோப்புதான். அவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் ஓரமாகப் போவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், வடிகால் பள்ளம் ஓரத்தில்தான் இருக்கும். முன்னால் போகிற வண்டியின் சக்கரம் போன வழியே போங்கள்.

இத்தனைக்கும் சக ஓட்டிகள் மேல் அக்கறை இல்லாத ஊர் இல்லை இது. ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பிப் பாருங்கள், "அண்ணா, ஸ்டாண்டு!" என்று சிக்னலுக்குள் நாலு பேர் கத்திவிடுவார்கள். துப்பட்டா சக்கரத்துப் பக்கம் பறந்தால் துரத்தி வந்து சொல்வார்கள். 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டேதான் இருக்கும், அணைக்க சுவிட்சே கிடையாது. இன்றைக்கும் எதிரே வருகிறவர் கையை விரித்து மூடிக் காட்டுகிறார். பாவம், நல்ல மனசு.

ஹெல்மெட் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 44.5 விழுக்காடு டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் அவசியம்தான், வாரைப் போட்டால். தாடைக்குக் கீழே தொங்குகிற வார் போலீஸ்காரருக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

சைக்கிள்காரர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு காலை ஈசிஆரில் போகிறவர்களிடம் லைட், ஹெல்மெட், பளிச்சென்ற சட்டை எல்லாம் இருக்கிறது. என் கவலை பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி. நின்றிருக்கும் காரை ஒட்டியே ஓட்டுகிறார்கள். கதவு திறந்தால் நேராக அதில்தான். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் இடது பக்கச் சந்தில் நுழைகிறார்கள். கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உன்னைத் தெரியாது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், நான் ஆதரிக்கிறேன். விழா முடிந்ததும் அதே மைதானத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு கோடு போட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிற்கவும், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நேராக ஓட்டவும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம். ஆர்டிஓ மைதானத்தில் எட்டுக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு நேர்கோடு வேண்டும். முப்பதில் வா, காலைத் தேய்க்காமல் கோட்டுக்குள் நில். நிற்க முடியாதவர்கள் பழகிவிட்டு அடுத்த மாதம் வரட்டும்.