கண்ணின் படம் மோக்காவுக்குப் போகட்டும்

சென்ற ஆண்டு எங்கள் பெரியம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தட்டில் கறுப்பு நூல் கிடக்கிறதென்று விரலால் எடுத்தெறியப் பார்த்தார். தட்டில் நூல் எதுவும் இல்லை. பதினைந்தாண்டு நீரிழிவில் விழித்திரையில் புதிதாக முளைத்திருந்த மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று உடைந்து, கண்ணுக்குள் கசிந்திருந்தது. அதுவரை அவர் கண்ணைக் காட்டப் போனதே இல்லை. மொரீசியஸின் தெற்கே எங்கள் ஊரான செமேன் கிரெனியேயிலிருந்து பஸ் மாறி, மோக்காவிலுள்ள கண் மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்கு அந்த அலைச்சல் என்பது அவர் கணக்கு.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. லேசர் வைத்துப் பார்வையைக் காப்பாற்றக்கூடிய கட்டத்தில், நீரிழிவால் வரும் இந்த விழித்திரை நோய் வலிப்பதும் இல்லை, பெரும்பாலும் பார்வையை மங்கச் செய்வதும் இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் மொரீசியஸில், கண் கெட்ட பிறகு வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது சரியாகாது.

அவர்கள் இருக்கும் ஊரிலேயே கண்ணைப் பார்த்துவிடத் தொலைமருத்துவம்தான் வழி என்பேன். தொலைமருத்துவம் என்றதும் பலர் திரையில் மருத்துவரின் முகத்தைக் கற்பனை செய்கிறார்கள். இந்த நோய்க்கு அந்த முகம்கூடத் தேவையில்லை. ஊர்ச் சுகாதார நிலையத்தில் விழித்திரைக் கேமரா ஒன்றும், அதை இயக்கப் பழகிய ஒருவரும் இருந்தால், ஒவ்வொரு கண்ணுக்கும் ஓரிரு படங்கள் போதும். பலருக்குச் சொட்டு மருந்துகூட விட வேண்டியதில்லை. அந்தப் படங்களை மோக்காவிலுள்ள சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனையில் (எங்கள் நாட்டு அரசு கண் மருத்துவமனைக்குப் பாரதியின் பெயர் என்பது தமிழ்நாட்டு நண்பர்கள் பலருக்குத் தெரியாது) பின்னர் பார்த்து, யாரை உடனே வரவழைப்பது என்று பிரித்துவிடலாம். சுமார் 600 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும் ரொட்ரிக்ஸ் தீவுக்காரருக்கு இது விமானப் பயணத்தையே மிச்சப்படுத்தும். கண்புரை அறுவையையும் லேசரையும் கம்பி வழியே அனுப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவை தேவைப்படாதவர்களை வீட்டிலேயே இருக்க விடலாம் அல்லவா?

இங்கிலாந்தில் 2003 முதல் நீரிழிவுக்காரரின் விழித்திரையை ஆண்டுதோறும் படமெடுக்கும் திட்டம் படிப்படியாக நாடு முழுவதும் பரவியது. வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு அரை நூற்றாண்டாக முதற்காரணமாக இருந்துவந்த நீரிழிவு விழித்திரை நோய், 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. அதற்கு இத்திட்டமும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

இருந்தாலும் கேமராவை வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில் என்னைக் கவர்வது தொலைவிலுள்ள மருத்துவரோடு பேச வைக்கும் இணைய இணைப்பு அல்ல. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அங்கே உட்கார வைத்திருப்பதுதான். வராதவரை வீடு தேடிப் போய் அழைப்பது இயந்திரத்தால் ஆகிற காரியமா? பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு முகாமில் படமெடுத்தார்கள். முடிவைத் தெரிவிப்பதாகச் சொல்லி எண் எழுதிய சீட்டும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை. அந்தச் சீட்டை அவர் இன்றும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார்.