தெர்மல் கேமரா தண்ணீரை அளப்பதில்லை

"தெர்மல் கேமராவில் இலை நீலமாகத் தெரிந்தால் செடி நிறைய நீர் இழுக்கிறது, தண்டில் சென்சார் வைப்பதும் செடியைக் காயப்படுத்தாத முறைதான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை.

கேமரா காட்டுவது இலைப்பரப்பின் வெப்பநிலை மட்டுமே. நீலமும் சிவப்பும் மென்பொருள் பூசும் நிறம். நீராவிப்போக்கு, அதாவது இலைவழியே நீர் ஆவியாகி வெளியேறுவது, இலையைக் குளிர்விக்கும், உண்மைதான். ஆனால் நிழலும் காற்றும்கூடக் குளிர்விக்கும். அதிலும் சிங்கப்பூரில் மழை விட்ட காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டினால், இலைத்துளை திறந்திருந்தாலும் நீர் அதிகம் வெளியேறாது. வாடும் செடியும் நல்ல செடியும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிட ஏதாவது வேண்டும். ஓர் இலையின் இருபுறமும் வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) பூசி நீர் வெளியேறாமல் அடையுங்கள், இன்னொன்றை நனையுங்கள், அதே வெயிலில் ஒரே படத்தில் எடுங்கள். மற்ற இலைகள் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கின்றன என்பதுதான் தகவல். தனி எண்ணை நம்பாதீர்கள், பல கேமராக்களின் பிழையே ±2 டிகிரி.

தண்டில் ஏறும் நீரோட்டத்தை வெப்பத்தைக்கொண்டு அளக்கும் சென்சார்களில் கிரானியர் என்ற வகைக்கு 2 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. நீளமுமான ஊசிகளைத் துளையிட்டுச் செருகவேண்டும். அது காயம்தான். துளையைச் சுற்றி, தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்கள் அடைபட்டு, அளவு நாளடைவில் குறைவாகக் காட்டும்.

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்குத் தராசே போதும். நீரூற்றி, வடிந்தபின், தொட்டியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைத் தண்டோடு கட்டி, 1 கிராம் துல்லியத்தில் மணிக்கொருமுறை எடை பாருங்கள். குறையும் எடைதான் செடி வெளியேற்றிய நீர். பை இல்லையென்றால் மண்ணிலிருந்து ஆவியாவதும் கணக்கில் சேரும். ஒரு நாளுக்குமேல் கட்டிவைக்காதீர்கள், வேருக்குக் காற்று வேண்டும்.