ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால்

"ஓஎஸ் போயிடுச்சுண்ணே, ஃபார்மேட் அடிச்சிடலாம்." கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் நம் ஊரில் முதலில் வருகிற தீர்ப்பு இது. அதாவது மெஷினை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள், விண்டோஸ் மாதிரி, கெட்டுப்போச்சு; டிஸ்கை அழித்துவிட்டு அதைப் புதிதாக ஏற்ற வேண்டும். இருபது வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறேன். இந்தத் தீர்ப்பு பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருந்திருக்கிறது.

போன வருஷம் என் மெஷினில் தினமும் மதியத்துக்கு மேல் நீலத்திரை, அதாவது எல்லாம் அப்படியே நின்று எரரோடு வருகிற நீல நிறத் திரை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர். ஒரே மாதத்தில் மூன்று முறை ஃபார்மேட் போட்டோம். போட்டால் தமிழ் ஃபான்ட், கீபோர்டு, பிரின்டர் டிரைவர் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். நான்காவது முறை வேறொரு தம்பி வந்தார். எதையும் அழிக்கவில்லை. கேபினெட்டைத் திறந்து, தற்காலிக நினைவகமான ரேமைக் கழற்றினார். பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து, அந்தத் தங்க நிறப் பட்டைகளை இரண்டு பக்கமும் நிதானமாகத் தேய்த்தார். தூளை ஊதிவிட்டுத் திரும்பச் சொருகினார். "எரர் மாறி மாறி வந்தா முதல்ல ரேமைப் பாக்கணும்ணே" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒருநாளும் நிற்கவில்லை. ரேம் சரியில்லை என்றால் விண்டோஸ் மட்டுமில்லை, மற்ற ஓஎஸ்களான லினக்ஸும் நிற்கும், மேக்கும் நிற்கும்.

ஓஎஸ் மேல் நமக்கு இருக்கிற சந்தேகம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1998-ல் பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, ஒரு ஸ்கேனரைச் சொருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரையில் விழுந்தது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் மில்லிசெகண்டை எண்ணுகிற கணக்கு 49.7 நாளில் நிரம்பி, மெஷின் உறைந்துவிடும். அவ்வளவு நாள் அணைக்காமல் ஓட்டியவர்கள் குறைவு என்பதால் வெகுகாலம் இது யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து, அதுவரை ஆபீஸ்களுக்கான விண்டோஸில் இருந்த, இன்னும் உறுதியான என்டி அடித்தளம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு புரோகிராம் செத்தால் மொத்த மெஷினும் கூடச் சாவது வெகுவாகக் குறைந்தது.

இன்றைக்கும் மொத்தமாக விழுகிறது என்றால், பெரும்பாலும் ஹார்டுவேர், இல்லையென்றால் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நாம் விட்ட டிரைவர். 2024 ஜூலை 19 ஞாபகமிருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட். சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. இங்கே விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காகப் போட்ட மென்பொருள்தான், ஆனால் அது கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது.

ஓஎஸ் செய்கிறவர்களை நான் மன்னிக்காத இடம் ஒன்று உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள், சரி. ஆனால் நீலத்திரை வந்தால் அரை மணி நேர வேலைதான் போகும். ஃபைல் போனால் ஒருத்தருடைய பல வருஷம் போகிறது. அந்தப் பயத்தில்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி எடுத்து, வயரைப் பிடுங்கி அலமாரியில் வைக்கிறேன்.

இவ்வளவையும் எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒன்று. பக்கத்துத் தெரு அக்கா வீட்டு மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று யாரோ வந்து ஃபார்மேட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மகள் கல்யாணப் போட்டோ அத்தனையும் அதில்தான் இருந்தது, வேறெங்கும் காப்பி இல்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். மெஷின் இன்னும் நின்று நின்றுதான் ஓடுகிறது.