முதலில் அந்தக் காதைப் பாருங்கள்

முந்தாநாள், நாயின் காது நோய்க்குப் பூண்டும் மண்ணெண்ணெயும் மருந்து என்று ஒரு தம்பி போட்ட பதிவுக்குக் கீழே என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். நான் எழுதியது ஒரே வரி: "என்ன நோய் என்று தெரியாமல் நாயின் காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்." இங்கிலீஷ் மருந்துக்கு வால் பிடிக்கிறாள் என்றார் ஒருவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்துவிட்டு நாய்க்கு ஷாம்பூ கேட்கிறாள் என்றார் இன்னொருவர். இரண்டு நாளாக மனம் ஆறவில்லை. அதனால்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

நாயின் தோலில் மலசீசியா என்ற ஈஸ்ட் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அந்த வகை. சுகமான நாயின் காதிலும் உண்டு. ஈரம் தங்கினாலோ, ஒவ்வாமை இருந்தாலோ, தைரொயிட் குறைந்தாலோ அது பெருகிவிடும். காதில் கபில நிற அழுக்கு, புளித்த வாடை, ஓயாமல் பாதத்தை நக்குவது, நாள்பட்டால் தோல் தடித்துக் கறுத்து யானைத்தோல் மாதிரி ஆவது எல்லாம் அதனால் வரலாம். ஆனால் சொறிப்பூச்சி வந்தாலும் நாய் இப்படித்தான் சொறியும், தெள்ளு கடித்தாலும் சொறியும். சொறிவதை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, எந்த நோய்க்கு மருந்து போடுகிறீர்கள்?

எங்கள் நாய் ஜிம்மி, காலையில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவோடு மலைக்குப் போனால் கொழுந்து நிறுக்கும்வரை தேயிலைக்கு அடியிலேயே படுத்திருக்கும். இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாப் பக்கத்து மழை தெரியும்தானே, மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை இழுக்கும். அந்த மாதங்களில் அது ஒரு நாளும் முழுதாகக் காய்ந்ததில்லை. காது நாறத் தொடங்கியதும் நாங்களும் தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து தடவினோம். தோல் மினுமினுத்தது, சுகமாகிறது என்று நினைத்தோம். இந்த ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அப்புறம் யாரோ சொல்லித் தேசிக்காய் பிழிந்தோம். புண்ணில் பட்டதும் ஜிம்மி அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு பல நாள் அம்மாவின் கையைக் கண்டாலே விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அம்மா அழுதார்.

கடைசியில் மிருக வைத்தியர் செய்தது இவ்வளவுதான். தோலில் செலோடேப்பை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நிலக்கடலை வடிவத்தில் கும்பல் கும்பலாக ஈஸ்ட். கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின், ஈஸ்ட்டைக் கொல்லும் மைக்கொனசோல் கலந்த ஷாம்பூ, வாரம் இரண்டு தடவை, பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவச் சொன்னார். காதுக்குத் தனியாகத் துளிமருந்து. அதையும் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தந்தார்.

"அப்போ எங்கள் பாட்டன் வைத்தியம் பொய்யா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? என் வீட்டிலும் மஞ்சளும் வேப்பிலையும் இருக்கின்றன. ஆய்வுகூடத்துத் தட்டில் ஒரு சாறு ஈஸ்ட் போன்ற பங்கசைக் கொல்வது வேறு, நாயின் காதுக்குள் கொல்வது வேறு. பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், நக்கினால் நுரையீரல் வரை போகும். தேயிலை மர எண்ணெய் என்று விற்கிறார்களே, அது எங்கள் தேயிலைச் செடியில் எடுப்பதல்ல. அதை அப்படியே பூசினால் நாய் தள்ளாடி விழலாம். இயற்கை என்ற ஒரு சொல்லால் இவை பாதுகாப்பாகிவிடுமா?

"காசுக்கு எங்கே போவது?" இந்தக் கேள்வி நியாயமானது. பேராதனை மிருக வைத்தியசாலைக்கு நாயோடு பஸ்ஸில் ஏற முடியாது, ஓட்டோ பிடித்தால் அம்மாவின் பல நாள் சம்பளம் போய்விடும். சரி, காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். நனைந்து வந்தால் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் துவட்டுங்கள். பாதத்தில் புண்ணே இல்லையென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்துப் பார்க்கலாம். காதுக்குள் வேண்டாம். திரும்பச் சொல்கிறேன், காதுக்குள் எதுவும் வேண்டாம்.

"லயத்து நாய்க்கு இவ்வளவு தேவையா?" இதுதான் எனக்கு வலித்தது. சொன்னவரும் லயத்தில் பிறந்தவர். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் காய்ச்சல் என்றாலும் வயிற்றுவலி என்றாலும் ஒரே குளிசைதான். நாக்கைப் பார்க்கவில்லை, நாடியைப் பிடிக்கவில்லை, மருந்துக்குப் போனவர்களை வாசலில் நிற்கவைத்தே கையில் போட்டு அனுப்பினார்கள். என் தங்கைக்கு நெருப்புக்காய்ச்சல் என்று தெரிய பன்னிரண்டு நாள் ஆனது. இவர்களுக்கு இது போதும் என்று யாரோ நினைத்தார்கள். அதே வார்த்தையை இன்று நாம் ஒரு நாயைப் பார்த்துச் சொல்கிறோம்.

அந்தப் பதிவைப் போட்ட தம்பிக்கு: உங்கள் வீடியோவில் நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறது. நோய் உட்காது வரை போனாலும் அப்படிச் சாய்க்கும். இந்த வாரமே கொண்டுபோங்கள். ஓட்டோக் காசில் பாதி நான் தருகிறேன், இன்பொக்ஸில் சொல்லுங்கள்.