முதலாண்டிலேயே வகுப்பறையைக் காணட்டும்
கோட்பாட்டுப் பாடங்களை முடிக்காத முதலாண்டு ஆசிரிய மாணவரைப் பாடசாலைக்கு அனுப்புவதால் பயனில்லை என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையில் ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு முழுவதும் பாடசாலைப் பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டிருப்பது நல்லதே. ஆயினும் முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பகுதியின் சிறிய ஆரம்பப் பாடசாலையொன்றில் அத்தகைய பயிலுநர்களை வழிநடத்தியவன் என்ற முறையில் சொல்வதானால், ஒரே அறையில் இரண்டு தரங்களை ஒருவரே கவனிக்கும்போது ஒரு தரத்துக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மற்றத் தரத்தோடு வாசிப்பில் ஈடுபடும் ஒழுங்கை அவர்கள் பல்தரக் கற்பித்தல் என்ற தலைப்பின் கீழ்ப் படித்திருந்தார்களே தவிர, நேரில் கண்டிருக்கவில்லை. கற்பிக்கும் பொறுப்பின்றி, முதலாண்டிலேயே வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து, எந்தப் பிள்ளை எவ்விடத்தில் தடுமாறுகிறது என்று குறிப்பெடுத்திருந்தால், விரிவுரைகளில் அவர்கள் எழுப்பும் கேள்விகளே வேறாக இருந்திருக்கும். உட்கிராமப் பாடசாலைகளுக்குப் போய்வரப் பேருந்து வசதியில்லை என்று இன்னொரு வாசகர் சுட்டியிருப்பது நியாயமே. அதற்காக வவுனியா நகரப் பாடசாலைகளை மட்டும் காட்டுவது, பின்னர் முல்லைத்தீவின் உட்கிராமங்களுக்கு நியமனம் பெறப்போகும் இளையோருக்குப் போதாது.