அந்த அக்காவை எதற்கு நிற்க வைத்தீர்கள்?

மூன்று நாட்களாகச் சுற்றும் அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கான வகுப்பில் கைபேசி அடித்ததற்காக, ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்காவைப் பாடம் எடுக்கும் சேர் எழுப்பி நிற்க வைக்கிறார். பின்வரிசை வாங்கில் சிரிப்பு. படம் பிடித்தவரும் சிரிக்கிறார். "ஒழுங்கு என்றால் இதுதான்" என்று கீழே எழுதியவர்களில் நான் மதிக்கிற இரண்டு ஆசிரியர்களும் உண்டு.

வளர்ந்தவர்களை நிற்க வைத்துப் பாடம் நடத்த முடியாது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

பிள்ளை என்றால் அடித்தாலும் நாளைக்கு வந்துதான் ஆக வேண்டும். அப்பா இழுத்து வந்து விடுவார். அக்காவை யார் இழுத்து வருவார்? விடியும் முன் சமைத்து, பகலெல்லாம் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து, அட்டை கடித்த காலோடு வருகிறவர் அவர். அவமானப்பட்டால் வராமல் நின்றுவிடுவார். கேட்டால் முழங்கால் வலி என்பார். நாமும் நம்புவோம்.

பயிற்சிப் பட்டறைகளில் வளர்ந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் பெயரைச் சொல்லாத ஆளில்லை. வளர்ந்தவர் தம் அனுபவத்தையும் சுமந்துகொண்டுதான் படிக்க வருகிறார் என்று அந்த அமெரிக்கர் 1970களிலேயே சொன்னார். நாம் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டோம்.

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் முன்பள்ளிக் கட்டடத்தில் மாலை வகுப்பு தொடங்கியபோது, குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில்தான் எல்லோரையும் உட்கார வைத்தேன். முழங்கால் நாடியில் முட்டியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் ஓர் அக்கா பேசாமல் தரையில் இறங்கி உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் பாய் கொண்டுபோனேன்.

ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில் தானே கையெழுத்திட வேண்டும் என்பது தரையில் உட்கார்ந்த அந்த அக்காவின் ஆசை. கொழுந்தைக் கிள்ளுவதுபோல இரண்டு விரலால் பென்சிலைப் பிடித்தார். கறை ஏறி வெடித்த விரல்கள். 'மு' எழுதுவதற்குள் மூன்று தடவை முனை உடைந்தது. "இதற்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியே மேல்" என்றார். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். காணொளியில் கேட்கிற சிரிப்பை அதோடு வைத்துப் பாருங்கள்.

"அப்படியென்றால் கைபேசி அலறட்டுமா?" என்பீர்கள். அலற வேண்டாம். சத்தத்தை நிறுத்துவது, வீட்டு அழைப்பு என்றால் வெளியே போய்ப் பேசுவது, மீறினால் தேநீருக்குச் சீனி வாங்குவது. விதிகளை அவர்கள் சொன்னார்கள், நான் பலகையில் எழுதினேன். முதலில் அடித்தது என் கைபேசிதான். சீனி வாங்கிக் கொடுத்தேன். நிறுவையில் தாமதமானவர்களுக்காக முதல் பத்து நிமிடம் பழைய பாடம். இதில் என்ன ஒழுங்கு கெட்டுவிட்டது?

"இலவசமாகத்தானே கற்பிக்கிறார்." நல்லது. அவமானமும் இலவசமா?

குழப்பம் செய்கிறவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. குடித்துவிட்டு வந்த ஓர் அண்ணனை எல்லோர் முன்னாலும் கத்தி அனுப்பினேன். இன்றுவரை அவர் என்னைக் கண்டால் குறுக்குப் பாதையில் இறங்கிவிடுகிறார்.

எங்கள் மலையகத்து ஆட்கள் நின்றது போதாதா? காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்றார்கள். தோட்டத் துரை பங்களா வாசலில் நின்றார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமை பறிபோன பிறகு பத்திரங்களோடு கந்தோர் கந்தோராக நின்றார்கள். படிக்க வந்த இடத்திலுமா?

எனக்கு ஒன்பது வயது. பாடசாலைக் கூட்டத்தில் "கைநாட்டா?" என்று அதிபர் உரக்கக் கேட்டு, மைப்பெட்டியை அம்மா பக்கம் தள்ளினார். லயத்து வீடு வந்து சேரும்வரை அம்மா பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே நடந்தார். மை எப்போதோ போய்விட்டிருந்தது.

மன்னிப்பெல்லாம் பிறகு பார்க்கலாம், சேர். முதலில் அந்தக் காணொளியை நீக்கச் சொல்லுங்கள். அந்த அக்காவின் பேரப்பிள்ளைகளிடமும் கைபேசி இருக்கிறது.