பியானோ இசை கிதாருக்கு வரும்போது எதை விடுவது?

பியானோவுக்கு எழுதிய செவ்வியல் இசையைத் தனிக் கிதாருக்கு மாற்றுகிறவர்கள் பலரும் மூலத்தில் உள்ள ஒரு நோட்டைக்கூட விட மனமில்லாமல் எழுதுகிறார்கள். காகிதத்தில் பிரமாதமாக இருக்கும். வாசித்தால் விரல்கள் படும் பாடுதான் கேட்கும். துணிந்து விடத் தெரிந்தவர்தான் நல்ல அரேஞ்சர் என்பது என் கட்சி.

அங்கே 88 கட்டைகள், பத்து விரல்கள், போதாததற்குப் பெடல். இங்கே ஆறு தந்திகள். வலக்கையில் வழக்கமாக நான்கு விரல்கள்தான் மீட்டும். ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு நோட்டுதான் என்பதால், பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளாக அமுக்கிவிடும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) இங்கே இடக்கையை முறுக்கிவிடும். விரலை எடுத்தால் நாதம் நின்றுபோகும். திறந்த தந்தி, அதாவது இடக்கை விரல் வைக்காமல் மீட்டும் தந்தி, மட்டும்தான் யார் தயவும் இல்லாமல் ஒலிக்கும்.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஸ்கேல். ஷோப்பன் பியானோவுக்கு எழுதிய ஓபஸ் 9, இரண்டாம் நாக்டர்ன் (இரவின் மனநிலையில் அமைந்த சிறு இசை) ஈ ஃப்ளாட் மேஜர். அதற்குள் வரும் திறந்த தந்திகள் டி, ஜி இரண்டுதான். அரைப்படி ஏற்றி ஈ மேஜருக்குக் கொண்டுபோனால், அடிக்கடி தேவைப்படும் ஈ, ஏ பேஸ் (அடி நோட்டுகள்) இரண்டும் திறந்த தந்தியிலேயே கிடைத்துவிடும். ஸ்கேலை மாற்றுவது துரோகம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் அல்பேனிஸின் 'அஸ்டூரியாஸ்' பக்கம் கொஞ்சம் போய்வரலாம். பியானோவில் அது ஜி மைனர். விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் நோட்டு டி. கிதாரில் ஈ மைனருக்கு வந்ததும் அந்த நோட்டு பி ஆகிவிடுகிறது, அதாவது திறந்த இரண்டாம் தந்தி! அது கிதாருக்கே எழுதியது என்று நினைப்பவர்கள் இன்று ஏராளம்.

சரி, எதை விடுவது? மெலடியிலும் பேஸிலும் கை வைக்காதீர்கள். ஆக்டேவில் (அதே நோட்டு ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ) இரட்டிக்கும் நோட்டுகள் முதலில் போகட்டும். அப்புறம் கார்டின் ஐந்தாவது, அதாவது கார்டின் ஆதார நோட்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக வரும் நோட்டு. மேஜரா மைனரா என்று சொல்லும் மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி (1888) இதற்கு நல்ல பயிற்சி. மூலமே டி மேஜர். ஆறாம் தந்தியின் சுருதியை ஈயிலிருந்து டிக்கு இறக்கினால் போதும். ஆனால் மெலடியை ஒரு ஆக்டேவ் இறக்கினால், தொடக்கத்து எஃப் ஷார்ப் நேராகக் கார்டின் உச்சி நோட்டின் மேலேயே வந்து உட்காரும். அந்த இடத்தை மெலடிக்குக் கொடுத்துவிட்டு, கீழே பி, டி இரண்டை மட்டும் மெல்ல வாசித்துப் பாருங்கள். எதுவும் குறைந்ததாகவே தோன்றாது.

"முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சி ஓவியங்கள்' முழுவதையும் ஜப்பானியக் கிதார் கலைஞர் கஸுஹிட்டோ யமஷிதா ஒரே கிதாரில் வாசித்தாரே?" என்பார்கள். வாசித்தார். அந்த விரல்கள் அவருக்கு இருந்தன.

இழப்புக் கணக்கு மட்டும் பார்ப்பதும் சரியில்லை. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஈ, இரண்டாம் தந்தியில் 5ஆவது ஃப்ரெட்டிலும் மூன்றாம் தந்தியில் 9ஆவதிலும் இருக்கிறது. உயரம் ஒன்று, குரல் வேறு வேறு. மேலே ஏறி வாசித்து விரலை லேசாக அசைத்தால் நோட்டே நடுங்கும். பியானோவில் கட்டையை அமுக்கியபின் அந்த நோட்டின் சுருதியை அசைக்க வழியே கிடையாது. நாக்டர்னின் மெலடி திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் தந்தியை மாற்றி வாசிக்கலாம். அதற்குக் கை ஒழிய வேண்டுமானால், நடுவில் நாலு நோட்டுகள் போகத்தான் வேண்டும்.